அந்தக் கிளிப்பை எடுத்தியா?

நேற்று ஒரு பறவைக் குழுவில் தையல்சிட்டின் கூட்டுப் படம் ஒன்று பார்த்தேன். இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு. ஒரு இலை பின்பக்கமாக மடக்கப்பட்டிருக்க, உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. படம் பளிச்சென்று இருந்தது. கீழே இதயங்களும் கைதட்டல்களும் வரிசை கட்டி நின்றன. 'அண்ணா, வேற லெவல்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார்.

தையல்சிட்டு தன் கூட்டை அப்படித் திறந்து போட்டுத் தைக்காது. யாரோ ஒருவர் கை அந்த இலையைப் பிடித்து மடக்கியிருக்கிறது. யார் கை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016. முதல் கேமராவைத் தவணையில் வாங்கிய வருடம். 18-55 லென்ஸோடு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற 55-250 ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டு ஓரமாக ஒரு நந்தியாவட்டை நிற்கிறது. அதில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. இந்தக் குருவி ஒன்றும் அபூர்வம் இல்லை, வால் அடியில் சிவப்பாக இருக்குமே, அதுதான். ஆனால் புதிதாகக் கேமரா வாங்கியவனுக்கு வீட்டு வாசலில் கூடு என்றால் சும்மா இருக்க முடியுமா? மூன்று குஞ்சுகள். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சி கொண்டு வருகின்றன. எல்லாம் சரி, ஆனால் சரியாகக் கூட்டின் முன்னால் இலை அடர்ந்த ஒரு கொப்பு. எந்தப் பக்கம் போய் நின்றாலும் அது மறைக்கிறது.

கொடியில் துணி மாட்டுகிற கிளிப் ஒன்றை எடுத்தேன். கொப்பை ஒதுக்கிப் பின்னால் இருந்த கிளையோடு சேர்த்துப் பிடித்தேன். காலை ஏழு மணி வெளிச்சம் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. தாய்க்குருவி பச்சைப் புழுவோடு வந்து அமர்ந்தது. ஒரே விநாடியில் எட்டோ பத்தோ படம். அதில் ஒன்று நான் அதுவரை எடுத்ததிலேயே மிகத் துல்லியமான படம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் போகும்போதே படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அறுநூறு லைக் தாண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மா லைக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "காக்கா வந்து மூணையும் கொத்திட்டுப் போயிருச்சு" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஏய்யா, அந்தக் கிளிப்ப எடுத்தியா நீ?" என்றாள்.

எடுக்கவில்லை.

கிளிப் இல்லாவிட்டாலும் காகம் கொத்தியிருக்கலாம். கொண்டைக்குருவியின் கூடுகள் பல அப்படித்தான் முடிகின்றன. இந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கொப்பு எதற்கு அங்கே இருந்தது? அது எனக்குத் தடையாக முளைத்த கொப்பு இல்லை. அது இருந்ததால்தான் அந்த இடத்தைக் குருவி தேர்ந்தெடுத்தது. அதற்கு அதுதான் கதவு. நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போயிருக்கிறேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே ஒரு விதிதான். படத்துக்காக எதையும் நகர்த்தாதே. இலையை, முள்ளை, கல்லை, பூச்சியை, பறவையை. கூட்டுப் படமே கூடாது என்று சொல்ல வரவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் சங்குவளை நாரைகள் தெருவோர மரத்தில், வீட்டுக்கூரைக்கு மேலே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிற பறவைகள் அவை. தெருவில் நின்று எடுத்தால் நாரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆள்காட்டிக் குருவி அப்படியில்லை. வெட்டவெளியில், வெறும் தரையில், சரளைக் கல்லோடு கல்லாக முட்டை இடும். உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்கத் தாய் மேலே நின்று நிழல் கொடுக்கும். நீங்கள் டிரைபாடைப் பிரித்து, கோணம் பார்த்து, லென்ஸ் மாற்றுகிற நேரம் முழுக்க அது தள்ளி நின்று கத்திக்கொண்டிருக்கிறது என்றால், முட்டை வெயிலில் கிடக்கிறது என்று அர்த்தம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் உண்டு. துப்பாக்கி, கண்ணி, பொறி மட்டும் அல்ல, பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. கிளிப் வைத்திருந்தவன் வேட்டைக்காரன். படித்தபோது சுருக்கென்றது.

கிளிப் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வருடம் பறவை பக்கமே போகவில்லை. லென்ஸைத் திருப்பிப் போட ஒரு வளையம் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். அதை வாங்கி 18-55-ஐ முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை மாதிரி, இதுதான் எங்களைப் போன்றவர்களின் மேக்ரோ லென்ஸ், அதாவது சின்னஞ்சிறு பொருளைப் பெரிதாக எடுக்கிற லென்ஸ். சிரமங்கள் உண்டு. ஃபோகஸ் வளையம் உதவாது, உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பூச்சிக்கு நாலு விரல் அகலம் வரை நெருங்க வேண்டும். தெளிவாகத் தெரிகிற ஆழம் நகத்தின் தடிமன்கூட இருக்காது, மூச்சு விட்டால் போயிற்று. ஐம்பது எடுத்தால் ஒன்று தேறும்.

இடம், எங்கள் தெருக்கோடியில் விற்காமல் கிடக்கிற ஒரு மனை. ஐந்து சென்ட் இருக்கும். அங்கே குப்புறப் படுத்தால்தான் விஷ்ணுகிராந்தியின் உயரத்துக்கு வர முடியும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன நீலப் பூ. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிவிடும். ஆபீஸ் போகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரிசனம். முதல் தடவை படுத்திருந்தபோது பின்னால் ஒரு குரல்: "ஏ தம்பி, என்ன கீழ கெடக்கீய? மயக்கமா?" எதிர்வீட்டு ஆச்சி. "இல்ல ஆச்சி, பூவப் படம் எடுக்கேன்" என்றேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இதையா? இது களைலா? எங்க வீட்டுல செவ்வந்தி பூத்திருக்கு, வாங்க, அத எடுங்க." போய் எடுத்தும் கொடுத்தேன். காபி நன்றாக இருந்தது.

அந்த மனையில் தாத்தாப்பூ, அதாவது வெட்டுக்காயப் பூண்டு, காடாக நிற்கும். சின்ன வயதில் 'தாத்தா தாத்தா காசு தாரியா, தலைய வெட்டவா' என்று அதன் தலையைச் சுண்டி விளையாடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். திருப்பிப் போட்ட லென்ஸில் அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் சுண்டியது ஒரு பூவை அல்ல, பல பூக்களை. நடுவில் இருக்கிற மஞ்சள் பொட்டு முழுக்கத் தனித்தனிப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு.

மனையின் மூலையில் ஒரு நுணா மரம். அதில் முசுறு எறும்புகளின் கூடு. ஒருநாள் இலைமேல் ஓடிய முசுறு ஒன்றை எடுத்து வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. முகத்தில் இரண்டு பெரிய கண்கள் காரின் முகப்பு விளக்கு மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. எறும்புக்கு ஏது அப்படிக் கண்? காலை எண்ணினேன். எட்டு. இது முசுறு இல்லை, முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு பெருத்திருக்கும், பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். கடிக்குப் பயந்து முசுறு பக்கம் பெரும்பாலான பிராணிகள் போவதில்லை, அந்தப் பயத்துக்குப் பின்னால் இது ஒளிந்துகொள்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்தச் சிலந்தியை டப்பாவில் பிடித்து, வெள்ளைத் தாளில் விட்டு எடுத்திருந்தால் படம் இன்னும் சுத்தமாக வந்திருக்கும். ஆனால் முசுறு இல்லாத இடத்தில் முசுறு வேஷத்துக்கு என்ன வேலை?

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் சுற்றுகிற 'தவளை இலையைக் குடையாகப் பிடிக்கிறது', 'தவளை வண்டின் மேல் சவாரி போகிறது' வகைப் படங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெரிய இடத்திலும் நடக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2017-இல் ஒரு படம் ஒரு பிரிவில் பரிசு வாங்கியது. பிரேசில் நாட்டுப் புல்வெளி, இரவு, ஒரு கரையான் புற்று, அதை நோக்கி வரும் எறும்புதின்னி. அது பாடம் செய்து வைத்த எறும்புதின்னி என்று நிபுணர்கள் சொன்னதை வைத்து அருங்காட்சியகம் 2018-இல் பரிசைத் திரும்பப் பெற்றது. எடுத்தவர் மறுத்தார். என் ஆதங்கம் வேறு. அந்தப் புற்று முழுக்கப் பச்சைப் புள்ளிகளாக மின்னுகிறது, பார்த்தீர்களா? அது ஒருவகை வண்டின் புழுக்கள், இரை பிடிக்கத் தாமே ஒளி விடுபவை. அது முழுக்க நிஜம். அதற்கு முன்னால் எறும்புதின்னி வேறு எதற்கு?

எங்கள் திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர் காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணன். தானே பாகங்களைச் சேர்த்துச் செய்துகொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மற்ற விலங்குகளையும் எடுத்தார். 1970-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். இன்று ஒரு கடைக்குள் போய்த் தவணையில் கிடைக்கிற கேமராவில் இருக்கிற வசதியில் பாதிகூட அவருக்குக் கிடையாது. அவர் படங்களில் யானைக்கு முன்னால் புதர் இருந்தால் புதர் இருக்கும். ஆனாலும் நமக்கு யானைதான் தெரிகிறது.

பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பது பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது ஒரு வரி. குளிர்காலத்தில் வடக்கே இருந்து ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறபோது களைத்துப் போய் வீட்டுக்குள் எல்லாம் வந்து விழுகிறது. அதன் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து 'இது என் இடம்' என்று ஒரு பொய்யான எதிரியைக் கத்தவிட்டால், பாவம், அது சண்டைக்குக் கிளம்பும், உங்களுக்குப் படம் கிடைக்கும். பறவைகளுக்குப் புழு போட்டுப் பழக்கி, மறைவிடம் கட்டிப் படம் எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடுவதைப் பற்றி எனக்கு இன்னும் தெளிவில்லை. அதில் சில கிராமங்களில் அடுப்பு எரிகிறது. மாதச் சம்பளக்காரன் நான் உட்கார்ந்துகொண்டு அதைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

'ஒரு புல்லை ஒதுக்கினால்கூடத் தப்பா?' என்று கேட்பீர்கள். நானும் ஒதுக்குகிறேன், மறைக்கவில்லை. பூ மட்டும் என்றால் இடது கைவிரலால் புல்லை லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எடுப்பேன். கை வலித்ததும் விட்டுவிடும், புல் பழையபடி வந்து நிற்கும். கிளிப்புக்குக் கை வலிக்காது.

கடைசியாக நீலவரித் தேனீ. பகலில் ஒரு இடத்தில் நிற்காது, படம் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அதன் ஆண்கள் காய்ந்த தண்டு ஒன்றைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, அந்தரத்தில் நீட்டிக்கொண்டு தூங்கும். பெண்களுக்கு மண்ணில் வளை உண்டு, ஆண்களுக்கு வீடு கிடையாது. பல தேனீக்கள் ஒரே தண்டில் வரிசையாக, தினமும் அதே இடத்துக்கு வந்து தூங்கும். போன வருடம் நம் மனையில் ஒரு தும்பைத் தண்டில் ஏழு. நம்பிக்கையான ஒரு நண்பரை அழைத்துப் போய்க் காட்டினேன். நான் ஃபிளாஷுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது 'படக்' 'படக்' என்று சத்தம். பின்னணி சுத்தமாக வர வேண்டும் என்று சுற்றியிருந்த தண்டுகளை ஒடித்துவிட்டார். படம் அருமையாகத்தான் வந்தது. மறுநாள் சாயங்காலம் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் நுணா மரத்துக்குப் பக்கத்தில் மறுபடி வந்திருக்கின்றன. இந்தப் பதிவோடு இருப்பது போன வாரம் எடுத்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மங்கலாக ஒரு கோடு போகிறது. குழுவில் போட்டபோது, 'நல்ல படம் சார், அந்தக் குச்சியை மட்டும் எடுத்துட்டு எடுத்திருக்கலாம்' என்று ஒருவர் எழுதினார். அந்தக் குச்சியின் மேல்முனையில், படத்துக்கு வெளியே, இன்னும் நாலு தூங்கிக்கொண்டிருந்தன.