கூரையிலிருந்து நாய், பூனை விழவில்லை

"ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" (பூனையும் நாயுமாக மழை பெய்கிறது) என்ற ஆங்கில மரபுத்தொடர் எப்படி வந்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் மறுபடி கிளம்பியிருக்கிறது. 1500களில் இங்கிலாந்தில் நாயும் பூனையும் கூரை வைக்கோலுக்குள் படுத்திருக்குமாம். மழையில் வழுக்கிக் கீழே விழுமாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. 1999இல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு நகைச்சுவைக் கட்டுரையிலிருந்து வந்த சரக்கு இது. நன்றாக வேய்ந்த கூரையில் வைக்கோல் நெருக்கமாக அமுக்கிக் கட்டப்பட்டிருக்கும். எலி நுழையலாம், குருவி கூடு கட்டலாம். நாய் எப்படி ஏறிப் போய்ப் படுக்கும்? அப்படியே படுத்திருந்தாலும், மழைக்குப் பயந்து உள்ளே ஒண்டுமே தவிர வெளியே வந்து வழுக்காது.

நாய், பூனை மழை 1651இலேயே ஹென்றி வாகனின் கவிதையில் வருகிறது. இன்றைய வடிவத்தில் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் எழுதினார். எப்படிப் பிறந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளமே இதைச் சொல்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

பொருள் என்னவோ எளிது: கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அழுத்தத்துக்காகப் பேச்சில் சொல்வது. அலுவலகக் கடிதத்தில் எழுதினால் கொஞ்சம் அசடு வழியும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் 1999 சங்கதியையும் சொல்லிவிடுங்கள்.