வாவ்ரானி மக்கள் சம்மதித்தார்களா?

வாவ்ரானிகள் தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் அமேசான் காட்டில் வாழும் பழங்குடியினர். "வாவ்ரானி மக்களே 2012-இல் எண்ணெய்த் திட்டத்துக்குச் சம்மதித்தவர்கள், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் தூண்டியதால்தான் பிறகு வழக்குப் போட்டார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

2012-இல் ஈக்வடார் அரசு 'கலந்தாலோசனை' என்று ஒன்றை நடத்தியது உண்மைதான். ஆனால் 2019 ஏப்ரலில் பூயோ நகர நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. மூத்தோர் பலருக்குத் தங்கள் தாய்மொழியான வாவ் தெரெரோவைத் தவிர வேறு மொழி தெரியாது. புரியாத மொழியில் சொன்னதற்குத் தலையாட்டியதை எப்படிச் சம்மதம் என்பது?

வெளியாட்கள் உதவினார்கள், மறுக்கவில்லை. வழக்கறிஞர்களும் ஜிபிஎஸ் கருவிகளும் அப்படி வந்தவையே. ஆனால் வழக்கை முன்னின்று நடத்தியவர் வாவ்ரானிப் பெண்ணான நெமோந்தே நென்கிமோ. அரசின் வரைபடத்தில் அந்த நிலம் எண்ணெய் எடுப்பதற்காகப் பிரித்த வெறும் '22-ஆம் தொகுதி'. ஊர் மக்கள் காட்டில் நடந்து நடந்து, மருந்துச் செடி முளைக்கும் இடம், மீன் பிடிக்கும் ஓடை, விலங்குகள் செல்லும் தடம், முன்னோர் போரிட்ட இடம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துத் தங்கள் வரைபடத்தைத் தாங்களே வரைந்தார்கள். தூண்டிவிடப்பட்டவர்கள் செய்கிற வேலையா இது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தீர்ப்பால் சுமார் 1,80,000 ஹெக்டேர் காடு நிரந்தரமாகக் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சிலர் இங்கே மகிழ்கிறார்கள். அதுவும் சரியல்ல. ஈக்வடார் சட்டப்படி நிலத்தடி வளம் அரசுக்கே சொந்தம். முறையாகக் கலந்தாலோசித்துவிட்டு அரசு மீண்டும் வரலாம். அதனால் அவர்களுக்கு இன்னும் துணை தேவைப்படுகிறது.