"விளம்பரம்" என்று சொன்னவருக்கும், அதற்கு இதயம் போட்டவர்களுக்கும்

நாங்கள் சிலர் சேர்ந்து பார்க்கில் குப்பை பொறுக்கி, சுவர்க் கிறுக்கலை அழித்த படத்தைப் போட்டிருந்தோம். நேற்று அதற்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "சம்பளம் வாங்குறவங்க வேலையை ஓசியில செஞ்சு நிர்வாகத்தைக் காப்பாத்துறீங்க, கூடவே விளம்பரம் வேற" என்று ஒருவர் எழுதினார். சரி, அவர் எப்போதும் அப்படித்தான். ஆனால் அதற்கு இதயம் போட்டவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் குப்பை பொறுக்குவதால் நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. குப்பைத்தொட்டி போதவில்லை என்று மனு கொடுத்ததும் இதே ஆட்கள்தான். பொறுக்கவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

"அழிச்சு என்ன பயன், மறுபடி கிறுக்கத்தானே போறான்?" என்கிறார் இன்னொருவர். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் செய்த ஒரு சோதனை 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நிறுத்தியிருந்த சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் துண்டுச்சீட்டை மாட்டிவைத்தார்கள். எதிர்ச் சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம் பேர். இடம் அதேதான், மாறியது சுவர் மட்டும். அதனால்தான் சுவரில் ஸ்ப்ரே பெயிண்டைக் கண்டால் உடனே அழிக்க ஓடுகிறோம். செங்கல்லிலும் கல்லிலும் பெயிண்ட் உள்ளே இறங்கிவிட்டால் லேசில் போகாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் பெயிண்டுக்கு முன்னால் கல் போய்விடும்.

"கிராஃபிட்டியும் கலைதானே?" கலைதான். ஊஞ்சல் தூணில் எழுதியிருந்த கெட்ட வார்த்தையின் கலைநயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

தூய்மைப் பணியாளர் பிழைப்பில் கைவைக்கிறோமா என்ற கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். எங்களைக் காட்டி ஒரே ஒரு ஆளைக் குறைத்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு அவர்களோடு போய் நிற்போம். ஆனால் புல்லுக்குள் புதைந்த சிகரெட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க அவர்களுக்கு யார் நேரம் கொடுக்கிறார்கள்? அந்த ஃபில்டர் பஞ்சு இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். வருடக்கணக்கில் மட்காமல் கிடக்கும். தவழும் குழந்தை கைவைக்கிற இடம் அது. திரும்பவும் சொல்கிறேன்: பொறுக்கவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம்.

அப்புறம், விளம்பரம். ஒருமுறை கையுறையும் இடுக்கியுமாகக் குனிந்திருந்தபோது ஒரு பெரியவர் நின்று, "என்னப்பா கேஸு? கோர்ட்டுல தண்டனையா?" என்று அக்கறையாகவே கேட்டார். நானாகத்தான் வந்தேன் என்றேன். நம்பவே இல்லை. எனக்குக் கிடைத்த புகழ் இவ்வளவுதான்.

படம் போடுவது ஆள் சேரத்தான். அப்படிப் பார்த்துப் புதிதாக வந்தவர்களில் ஒருவர் கூச்ச சுபாவம். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கழிப்பறைச் சுவர் முழுவதையும் தனியாகத் தேய்த்தவர். நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி: "இனிமே நான் வரலைங்க. நம்மைப் பத்தி இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு தெரியாது."

எழுதியவரை விடுங்கள். இதயம் போட்ட நண்பர்களே, நாங்கள் துடைத்த பெஞ்சில்தானே மணிக்கணக்காக உட்கார்ந்து பேசுகிறீர்கள்? உங்களை யாரும் துடைக்கக் கூப்பிடவில்லையே. சும்மா இருந்திருக்கலாம். அதுகூட முடியவில்லை.

"ஜாலிக்குப் போட்டேன், தப்பா எடுத்துக்காதே" என்று என் இன்பாக்ஸுக்கு வரவேண்டாம். சொல்வதானால் இனிமேல் வரமாட்டேன் என்றாரே, அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.