சிக்னல் இல்லாத வயலிலும் பதிவாகும்

நடவு ஆட்கள் வயலுக்கு வயல் மாறி வேலை செய்வதைக் குறித்துவர போனிலேயே படிவம் நிரப்பித் தகவல் சேகரிக்கும் ஓடிகே கலெக்ட் செயலி உதவாது, சிக்னல் இல்லாவிட்டால் இருப்பிடமும் பதியாது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்லங்க. இதை நம்பி வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் கிராமங்களை ஆய்விலிருந்து விட்டுவிடக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

படிவத்தை இறக்கவும், நிரப்பியதை அனுப்பவும் மட்டுமே இணையம் வேண்டும். நடுவில் எல்லாம் போனிலேயே சேமிக்கப்படும். இருப்பிடம் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கிடப்படுவது. டவர் உதவி இல்லாதபோது முதல் தடவை பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

நீங்களே சோதிக்கலாம். இருப்பிடம் கேட்கும் படிவம் ஒன்றை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, லொகேஷனை ஆன் செய்து, வரப்பில் வெட்டவெளியாக நின்று நிரப்பிச் சேமியுங்கள். அப்புறம் திறந்து பாருங்கள், அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்கும்.