ஆன்டிஅலையாசிங்கை நிறுத்துவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்
லினக்ஸில் கணினி விளையாட்டு திணறினால் முதல் வேலையாக ஆன்டிஅலையாசிங்கை, அதாவது படத்தின் விளிம்புகள் படிக்கட்டாகத் தெரியாமல் மழுப்பும் வசதியை, நிறுத்துங்கள் என்கிறது இங்கே வந்த கட்டுரை. நானும் அப்படித்தான் செய்தேன். சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தய விளையாட்டில் நொடிக்கு 9 பிரேம் வந்தது 13 ஆனது, அவ்வளவுதான். மடிக்கணினி விசிறியோ மிக்சி மாதிரி கத்தியது, டாப் கட்டளையில் பார்த்தால் நான்கு கோர்களும் முழு வேகத்தில் ஓடுகின்றன. அப்புறம்தான் டெர்மினலில், படத்தை எது வரைகிறது என்று காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. ரெண்டரர் என்ற வரியில் கிராபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. அதாவது சிப் சும்மா கிடக்க, எல்லாப் படத்தையும் சிபியுவே வரைந்துகொண்டிருந்தது. நிறுவும்போது திரை கறுத்துப்போனதால் பாதுகாப்பான கிராபிக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பூட் ஆகும்போது கெர்னலுக்குப் போகும் வரியில் அது விட்டுப்போன நோமோட்செட் என்ற சொல்தான் வில்லன், கிராபிக்ஸ் டிரைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது அதுதான். பூட் செய்யும் நிரலான கிரப்பின் அமைப்பிலிருந்து அதை எடுத்து, அப்டேட்-கிரப் கொடுத்து மறுபடி பூட் செய்தேன். இப்போது 4 மடங்கு எம்எஸ்ஏஏ, அதாவது ஒரு பிக்சலுக்கு நான்கு மாதிரிப் புள்ளி எடுக்கும் ஆன்டிஅலையாசிங், போட்டும் விளையாட்டு திணறாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கட்டுரை முழுக்கத் தவறு என்று சொல்லவில்லை. 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4 மடங்கு என்றால் ஏறக்குறைய 83 லட்சம் மாதிரிப் புள்ளிகள். ராமைப் பங்குபோடும் சிப்புக்கு அது சுமைதான், வரைந்து முடித்த படத்தின் விளிம்புகளை மட்டும் மழுப்பும் இலகுவான எஃப்எக்ஸ்ஏஏ போதும். ஆனால் மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் எழுத்துருக்களின் ஆன்டிஅலையாசிங்கையும் நிறுத்தச் சொல்கிறாரே, அது வேறு சங்கதி. எழுத்து ஒருமுறை வரையப்பட்டதும் நினைவகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். நிறுத்தினால் வேகம் கூடாது, தமிழ் எழுத்தின் சுழிகள்தான் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.