விளக்கை அணைத்துவிட்டுத் தூண்டில் போடுங்கள்

ஏப்ரல் முதல் பாதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள மெக்கானஹி நீர்த்தேக்கக் கரைக்கு இரவில் தூண்டிலோடு வருகிறவர்களில் பலர், தாங்கள் தேடி வந்த வாலாய் (walleye) என்னும் நன்னீர் மீனைத் தாங்களே விரட்டிவிட்டு, "இந்த ஆண்டு மீனே இல்லை" என்று அலுத்துக்கொண்டு வண்டியேறுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. நெற்றியில் கட்டிய வெள்ளை விளக்கை எரியவிட்டபடி, தலை திரும்பும் பக்கமெல்லாம் நீரை வெளிச்சத்தால் துழாவுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இந்த நீர்த்தேக்கத்தை உருவாக்கிய, வட பிளாட் ஆற்றின் குறுக்கே 1941-இல் கட்டி முடிக்கப்பட்ட கிங்ஸ்லி அணை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுடையது. அலை அரித்துவிடாதபடி அதன் நீர்ப்பக்கச் சரிவில் பாவிய கற்களையே இந்த ஏரியின் வாலாய் மீன்கள் முட்டையிடும் இடமாக எடுத்துக்கொண்டன. பனிக்கட்டி உடைந்து, நீரின் வெப்பம் 6, 7 டிகிரி செல்சியசை எட்டும் நாள்களில் ஆண் மீன்கள் முதலில் வந்து கரையோரம் சுற்றத் தொடங்குகின்றன. சினை மீன்கள் பகலெல்லாம் ஆழத்தில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகே கற்களின் மேல், சில இடங்களில் முழங்காலளவு நீருக்கு, ஏறி வருகின்றன. அவை கூடு கட்டுவதில்லை, முட்டைக்குக் காவல் இருப்பதுமில்லை. கல்லிடுக்குகளில் முட்டைகளைச் சிதறவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகின்றன. கரையில் நிற்கும் நமக்குப் படகின் உதவியின்றிப் பெரிய வாலாய் கைக்கெட்டும் காலம் ஆண்டில் இந்தச் சில வாரங்கள்தான்.

இந்த மீனின் விழித்திரைக்குப் பின்னால், பூனையின் கண்ணில் இருப்பதைப்போல, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. மங்கிய ஒளியிலும் கலங்கிய நீரிலும் அது இரை தேடுவது அந்தப் படலத்தின் துணையால்தான். நடுப்பகல் வெயிலைத் தவிர்த்து ஆழத்துக்குப் போவதும் அதே கண்ணினால்தான். வெயிலையே தாங்காத கண்ணுக்கு நேரே, இரண்டு அடித் தண்ணீரில், இன்று கடைகளில் விற்கும் விளக்குகளின் கூர்மையான வெள்ளை ஒளியைப் பாய்ச்சினால் அது என்ன செய்யும்? வெட்டித் திரும்பி ஆழத்துக்குள் இறங்கிவிடும். அதனோடு பக்கத்தில் இருந்தவையும் போய்விடும். அதன்பின் அந்த ஓரத்தில் எவர் எவ்வளவு நேரம் வீசினாலும் தூண்டில் நரம்பில் ஓர் அசைவும் இருப்பதில்லை.

இதில் வேண்டுமென்றே செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. கண் மின்னுகிறதா என்று பார்ப்பதற்காக அவர்கள் கற்களின் மேல் நடந்தபடியே கரை நெடுக வெளிச்சத்தை ஓட்டுகிறார்கள். மின்னிய இடத்தில் கனமான கொக்கியை எறிந்து, வயிற்றிலோ முதுகிலோ மாட்டி இழுக்கப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது தூண்டில் பிடிப்பே அல்ல, சட்டப்படியும் குற்றம். சினை நிறைந்த பெரிய பெண் மீன் ஒன்றின் வயிற்றில் சில லட்சம் முட்டைகள்வரை இருக்கக்கூடும் என்பது தெரிந்தவன் அந்தக் காட்சியை எப்படிச் சகித்துக்கொண்டு நிற்பான்?

அடுத்த தொல்லை, வந்தவுடன் மார்பளவு நீருக்குள் இறங்கிவிடுகிறவர்கள். ரப்பர் கால்சட்டை வாங்கிவிட்டோம் என்பதற்காகவே இறங்குகிறார்கள் போலும். மீன் நிற்கும் இடத்தை மிதித்துக் கடந்து, மீன் இல்லாத ஆழத்தை நோக்கி முழுப் பலத்தோடு வீசுகிறார்கள். கரையை ஒட்டிய கல்லின் மேல் அசையாமல் நின்று, மீன் வடிவச் செயற்கை இரையைக் கரைக்கு இணையாக வீசி, இடையிடையே நிறுத்தி, கை மரத்துப்போகும் குளிரிலும் மெதுவாகச் சுற்றி இழுக்கிறவருக்குத்தான் அந்த நேரத்தில் மீன் கிடைக்கும். அப்படிப் பொறுமையாக நிற்கும் ஒருவருடைய நரம்பின் குறுக்கே இவர்கள் சலசலத்துக்கொண்டு நடக்கும்போது, விலகிப் போகிறோம் என்ற ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வருவதில்லை.

விளக்கை அணைக்கச் சொன்னால் உடனே வரும் பதில், கற்கள் வழுக்குகின்றன, விழுந்தால் யார் பொறுப்பு என்பது. அந்த அச்சம் நியாயமானதே. தெறித்த நீர் கல்லின் மேல் உறைந்து கிடக்கும் இரவுகளில் கால் தவறினால் எலும்பு முறியும், அந்தக் குளிர்ந்த நீரில் விழுந்தால் உயிரே போகலாம். ஆனால் கால் வைக்கும் இடத்தைப் பார்க்க எதிர்க்கரை வரை பாயும் ஒளி எதற்கு? பெரும்பாலான தலைவிளக்குகளில் சிவப்பு ஒளிக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. நடக்கும்போது அதை எரியவிட்டுப் பாதத்தின் மேல் மட்டும் விழும்படி தாழ்த்தினால் போதும். முடிச்சுப் போடுவதற்கும் மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றுவதற்கும் நீருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் முடிந்தது. இதைக்கூடச் செய்ய மனமில்லாதவர், "நானும் உரிமத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன்" என்று வாதாடுகிறார். பணம் கட்டியது மீன் பிடிப்பதற்கு; கரை நெடுக நிற்கும் மற்ற அனைவருடைய இரவையும் கெடுப்பதற்கு அல்ல.

மீன் கிடைக்காத கோபத்தை இவர்கள் மாநில மீன்வளத் துறையின் மேல் திருப்புவதுதான் எனக்குச் சிறிதும் பொறுக்கவில்லை. இதே நாள்களில் துறையின் ஊழியர்கள் இரவில் வலை போட்டு, சினை மீன்களிலிருந்து முட்டைகளைப் பிதுக்கி எடுத்துப் பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். பிதுக்கிய மீன்களை ஏரியிலேயே திரும்ப விடுகிறார்கள். நெப்ராஸ்காவின் ஏரிகளுக்கு வாலாய்க் குஞ்சுகள் கிடைப்பது இந்த உழைப்பினால்தான். உறையும் காற்றில் நனைந்த கைகளோடு படகில் நிற்கும் அவர்களைப் பார்த்து, "எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று கத்துகிறவரின் நெற்றியில் அப்போதும் அந்த வெள்ளை விளக்கு நீரைப் பார்த்தே எரிந்துகொண்டிருக்கிறது.

வெளிச்சம் இல்லாமல் நிற்கவே முடியாது என்கிறவர்கள் பகலில் வரட்டும், ஆழமான பக்கத்தில் ஜிக் (ஈயத் தலை வைத்த கொக்கி) கட்டி அடித்தரையை ஒட்டி இழுத்துப் பார்க்கட்டும். ஆண் மீன்கள் பகலிலும் அவ்வப்போது கடிக்கத்தான் செய்கின்றன. இருட்டிய பிறகு அணைச் சரிவில் கால் வைப்பதானால் விளக்கை அணைத்துவிட்டு, நீரில் இறங்காமல், ஏற்கெனவே நிற்பவருக்கு இரண்டு வீச்சுத் தூரம் தள்ளி நிற்கட்டும்.