டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான். "எப்போ ஊருக்குக் கிளம்புறீங்க?" நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில். இங்கே பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை விடுவது டிசம்பர் 20 வாக்கில். அந்த வாரத்து விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பத்து நாள் முன்னாடியே கிளம்பினால் நாலு பேர் குடும்பத்துக்கு நல்ல தொகை மிச்சம். அதனால் வருடா வருடம் யாராவது ஒருவர் எழுதிவிடுவார்: "எலிமெண்டரி ஸ்கூல்தானே, டிசம்பர்ல அங்க ஒண்ணும் நடக்காது. பேப்பர் வெட்டி ஒட்டிக்கிட்டு இருப்பாங்க. தைரியமாக் கூட்டிட்டுப் போங்க."

இந்த வருடம் அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. குழுவில் ரெண்டு வரி எழுதினால் வாக்குவாதமாகப் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, டிசம்பர் 8-ஆம் தேதியே அவனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டோம். அவன் வகுப்பில் செப்டம்பர் முதல் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆசிரியர் அன்றைக்குச் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் கட்டம்போட்ட தாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் என்று பகல் பொழுதின் நீளத்தை வெட்டி, மஞ்சள் அடித்து, சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் பதின்மூன்று கட்டம். நவம்பர் வந்தால் பத்து. டிசம்பரில் ஒன்பதை ஒட்டி நிற்கும். பகலின் நீளமும் பருவமும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பது இந்த மாநிலத்து அறிவியல் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு உரிய பாடம். குழுவில் சொல்கிறார்களே, "பேப்பர் வெட்டி ஒட்டுறது", அது இதுதான்.

பொங்கல் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது சுவரில் மஞ்சள் துண்டுகள் மறுபடி நீளத் தொடங்கியிருந்தன. பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம். "எந்த நாள்ல திரும்புச்சு? நான் பார்க்கவே இல்லையே" என்று வீட்டுக்கு வந்து கேட்டான். மூன்று மாதம் தன் கையால் வெட்டி ஒட்டியவன், அது எதற்காக என்று தெரியவரும் வாரத்தில் ஊரில் இல்லை. அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. பள்ளி இசை நிகழ்ச்சிக்காக ஆறு வாரம் பழகிய ஒரு பாட்டை மதுரை வீட்டு மாடியில் தனியாகப் பாடிக்கொண்டே திரிந்தான். சேர்ந்து பாட வேண்டிய இருபத்து நாலு பேரும் இங்கே இருந்தார்கள். பாட்டில் நடுநடுவே நிறுத்துவான். "ஏன்டா நிறுத்துற?" என்று கேட்டால், "அந்த இடம் மத்தவங்க பாடுறது" என்பான்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. அதே மஞ்சள் துண்டு வேலை. போன வாரம் மாலை ஐந்து மணிக்கு ஜன்னலில் இருட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு, மதுரையில் எப்போது இருட்டும் என்று கேட்டாள். மறுநாள் காலையில் அப்பத்தாவுக்கு வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தேன். "ஆறு மணி வாக்குல மங்கும் தாயி. விளக்கேத்துற நேரம்" என்றார் என் மாமியார். காலையில்? "ஆறரைக்கு வெளிச்சம் வந்துரும். மார்கழி பிறந்துட்டா நான் அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் கோலம் போட்டுருவேன்ல." மகள் கட்டத்தை எண்ணினாள். பதினொன்றரை. இங்கே ஒன்பது. அப்பத்தாவுக்கு இரண்டரைக் கட்டம் ஏன் அதிகம் என்று என்னைக் கேட்டாள். ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை விளக்கினோம். ஆறு வயதுப் பிள்ளை பூமியின் சாய்வைப் பற்றி அவளாகக் கேட்டாள். எந்த டியூஷன் தாளிலிருந்தும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. அவன் வகுப்பில் காகிதத்தில் பனிப்படிகம் வெட்டுகிறார்கள். பார்த்தால் வெறும் கைவேலை. தாளைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போய் வெட்டினால் எட்டுக் கை வரும். கடையில் தொங்கும் அலங்காரத்தில் பாதி அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த ஆசிரியர் விடவில்லை. வானத்திலிருந்து விழுவதற்கு ஆறு கைதான் இயல்பு, நீங்களும் ஆறு கைதான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாதியாக மடி, அதை மூன்றாக மடி, மறுபடி பாதியாக மடி. எத்தனை அடுக்கு? இரண்டு, மூன்று, இரண்டைப் பெருக்கினால் பன்னிரண்டு. மூன்றாக மடிப்பது எட்டு வயதுக் கைக்கு எவ்வளவு கடினம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏன் ஆறு என்றால், தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்கின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். ஆசிரியையாக இருந்த அம்மா தந்த நுண்ணோக்கியில் பனியைப் பார்க்கத் தொடங்கியவர், 1885-இல் தன் 19 வயதில் கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000 படங்களுக்கு மேல் எடுத்தார். பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

அந்த வாரம்தான் ஆசிரியர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெற்றோர் வந்து தங்கள் வீட்டுக் குளிர்கால வழக்கம் ஒன்றைச் சொல்லலாம், நீங்கள் தீபாவளி பற்றிப் பேச முடியுமா என்று. தீபாவளி முடிந்து வாரக்கணக்காகிவிட்டது. அதை டிசம்பருக்கு இழுத்து வந்து 'இந்தியர்களின் கிறிஸ்துமஸ்' ஆக்குவதில் எனக்கு விருப்பமில்லை. மார்கழிக் கோலம் சொல்லித் தருகிறேனே என்றேன். சரி என்றார்.

கறுப்பு அட்டையும் வெள்ளைச் சாக்பீஸும் எடுத்துப் போனேன். ஐந்து புள்ளி, இடைப்புள்ளி மூன்றில் நிறுத்தம். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சொல்வதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். நடுவில் ஐந்து. அதற்கு மேலேயும் கீழேயும் நாலு நாலு, ஆனால் புள்ளிக்கு நேராக இல்லாமல் இரண்டு புள்ளிக்கு நடுவே. அதற்கடுத்து மூன்று மூன்று. வைத்து முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன். ஒருத்தி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒருவன், "நாலு ரெண்டு எட்டு, மூணு ரெண்டு ஆறு, அதோட அஞ்சு, பத்தொன்பது" என்றான். ஓரப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கச் சொன்னேன். வகுப்பே ஒரு நொடி அமைதியாகிவிட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "இது ஆறு பக்கம். இது பனிப்படிகம்!" என்று கத்தினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கே அது தோன்றியதில்லை. முப்பது வருடமாக இடைப்புள்ளிக் கோலம் போடுகிறேன். நேர்ப்புள்ளி வைத்தால் சதுரத்தின் கணக்கு, இடைப்புள்ளி வைத்தால் அறுகோணத்தின் கணக்கு. பனி எந்த ஒழுங்கில் உறைகிறதோ அதே ஒழுங்கில் பனியையே பார்க்காத ஊரில் நம் பாட்டிமார் அரிசி மாவில் புள்ளி வைத்தார்கள். அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது மிச்சிகனில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி. சிரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், தன் பாட்டி வீட்டுத் தரை ஓட்டில் இதே வடிவம் இருக்கும் என்று எழுந்து வந்து பலகையில் வரைந்து காட்டினான். அரை மணி நேரத்துக்கு என்று போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

பெற்றோர் சிலருக்கு இன்னொரு மனக்கசப்பு உண்டு. "கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வைக்கிறாங்க, அதான் அனுப்பலை" என்பார்கள். இந்த நாட்டின் அரசுப் பள்ளியில் பிரார்த்தனை நடத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு, பைபிள் வாசிப்பு வழக்கில், மதத்தை வழிபாடாக நடத்துவது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று கோடு கிழித்தது. தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் மழலையர் வகுப்பின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை எதிர்த்தே ஒரு வழக்கு நடந்தது. 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பண்பாட்டுப் பாடமாக, நிதானத்தோடு நடத்தினால் அந்தப் பாட்டுகளுக்கு இடம் உண்டு என்றது. நம் பிள்ளை பாடுவது இந்த எல்லைக்குள்தான். எல்லை மீறினால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. போய்க் கேட்கலாம். பிள்ளையை நிறுத்திவைப்பது அதற்குப் பதில் ஆகாது.

எனக்கும் பிடிக்காதவை இருக்கின்றன. 'உலகப் பண்டிகைகள்' என்று ஒரே வாரத்தில் ஏழு நாட்டுக்கு ஏழு வண்ணம் தீட்டும் தாள் கொடுப்பதில் யாருக்கும் எதுவும் ஏறாது. ஹனுக்கா யூதர்களின் ஆகப் பெரிய பண்டிகை அல்ல. டிசம்பரை ஒட்டி வருவதால் மட்டும் அதற்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. குவான்சா 1966-இல் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக மௌலானா கரேங்கா என்பவர் தொடங்கிய விழா. ஏழு நாளுக்கு ஏழு கோட்பாடுகள் கொண்டது. இரண்டையும் மெழுகுவர்த்திப் படத்தோடு முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. சான்டாவுக்குக் கடிதம் எழுதுவதை எழுத்துப் பயிற்சியாக்குவதும் அப்படித்தான். என்ன கேட்டாலும் கிடைக்கும் பிள்ளையும் எதுவும் கிடைக்காத பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மகள் வகுப்பில் இதற்குப் பதிலாகப் பனிமனிதன் செய்வது எப்படி என்று 'முதலில், அடுத்து, பிறகு, கடைசியில்' வைத்து எழுதச் சொன்னார்கள். அதே பயிற்சி, யாருக்கும் மனம் நோகாது.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மிச்சிகனில் 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலையும் மதியமும் இலவச உணவு தொடங்கியது. விடுமுறை என்றால் அந்த இரண்டு வேளையும் நின்றுவிடும். அதனால் எங்கள் பள்ளியில் டிசம்பர் முழுக்க டின் உணவு சேர்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எண்ணிப் பெட்டியில் அடுக்குவது. பெட்டிக்குப் பன்னிரண்டு. பெருக்கல் வாய்ப்பாடு அங்கேயே பாடமாகிவிடுகிறது. கடைசி வெள்ளிக்கிழமை அது பைகளாகப் பிரிந்து தேவைப்படும் வீடுகளுக்குப் போகும். பைகளில் பெயர் எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொன்னாராம். "ஏன்மா எழுதக் கூடாது?" என்று மகன் என்னிடம் கேட்டான். நான் பதில் தேடுவதற்குள் அவனே, "யாருக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது, அதானே?" என்றான்.

இதை மாமியாரிடம் சொன்னபோது அவர் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். காமராஜர் காலத்து மதிய உணவில் வளர்ந்தவர். அறுபதுகளில் கேர் என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து பால்பவுடரும் கோதுமை ரவையும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்தன. "அந்த உப்புமா வாசம் இன்னும் மூக்குல நிக்குதுத்தா" என்றார். "அவுக ஊருல பசிச்ச பிள்ளைக்கு இப்ப என் பேரன் டப்பா எண்ணுறானா?" அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. எனக்கும்தான்.

ஊரில் அப்பா படுக்கையில் இருக்கிறார், அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றால் எந்தத் தேதியாக இருந்தாலும் கிளம்புங்கள். அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. விலைக்காக மட்டும் கிளம்புகிறவர்களிடம்தான் பேசுகிறேன். இங்கே ஆண்டுக்கு 180 பள்ளி நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் வராத பிள்ளையைத் தொடர்ந்து வராதவர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். டிசம்பரில் எட்டு, பொங்கலுக்குத் தங்கினால் ஜனவரியில் எட்டு, நடுவில் ஒரு காய்ச்சல். கணக்கு சரியாகப் போச்சு. மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று எனக்கும் தெரியும். இந்த வருடம் அதைக் கொடுப்பதற்காகக் கோடை முகாம் ஒன்றை விட்டுவிட்டோம். இரண்டு இடத்தில் மாறிப் போகும் டிக்கெட்டைத்தான் எடுத்தோம்.

பள்ளி கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் விமானம் சனிக்கிழமை ராத்திரி. இசை நிகழ்ச்சி வியாழக்கிழமை மாலை. மகன் இரண்டாவது வரிசையில் நிற்கிறான். மகள் கட்டம்போட்ட தாளும் மஞ்சள் க்ரேயானும் தன் பைக்குள் வைத்துவிட்டாள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் அப்பத்தா வீட்டு மாடியில் நின்று சூரியன் எப்போது மறைகிறது என்று அவளே பார்க்கப் போகிறாளாம், தாள் துண்டு ஜனவரியில் வகுப்புச் சுவருக்கு வருமாம். ஆசிரியரிடம் இப்போதே இடம் கேட்டு வைத்திருக்கிறாள். மகனுக்கு ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு போட வேண்டும். முப்பத்தேழு புள்ளி வரும் என்று கணக்குப் போட்டு அப்பத்தாவுக்குச் சொல்லியும் விட்டான். "வாசல் தெளிச்சு வைக்கிறேன், வந்து சேருங்க" என்றிருக்கிறார்.